புல்லுக்கு ஏது தீட்டு?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தை ஒட்டி ஒரு மாட்டுச் சந்தை கூடும். தீபத்துக்கு வருகிற லட்சக்கணக்கான பேரில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு சந்தை இருப்பதே தெரியாது. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். மனிதர்கள் பேரம் பேசுகிற இடத்தில்தான் எனக்குத் தரிசனம் கிடைக்கும். ஆகவே தீபத்துக்குப் போகும்போதெல்லாம் சந்தைக்கும் ஒரு நடை போய்விட்டு வருவது என் வழக்கம்.

2016-ஆம் ஆண்டு தீபம் டிசம்பர் 12-ஆம் தேதி வந்தது. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை அடியோடு ஏமாற்றிவிட்டது. போதாக்குறைக்கு, நவம்பர் 8-ஆம் தேதி இரவோடு இரவாக ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஆயிரம் ரூபாய் நோட்டும் செல்லாக் காசாகியிருந்தன. தீபத்துக்கு இரண்டு நாள் முன்னதாக நான் சந்தையில் நின்றேன். விற்க வந்த மாடுகள் ஏராளம்; வாங்க வந்தவர்கள் சொற்பம். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கள், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு கறவைப் பசுவின் கயிறு. பசுவுக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனாலும் மடி வற்றியிருக்கவில்லை.

"கறக்கிற மாட்டை ஏம்மா விக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வெச்சுக்கினு இன்னா சார் பண்றது? பால் ஊத்தற காசு அத்தினியும் வைக்கோலுக்கே போவுது. புல்லு எங்க இருக்குது, நீங்களே சொல்லுங்க. இது பொறந்தப்ப நான்தான் கைய வுட்டு இழுத்துப் போட்டேன். இப்ப நானே கயித்தப் புடிச்சு இட்டாந்திருக்கேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாலையில் அந்தப் பசு ஒரு லாரியில் ஏறியது. வாங்கியவர் அதைக் கறப்பதற்காக வாங்கவில்லை என்பதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று இரவு நான் தங்கியிருந்த விடுதியின் பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். நாற்றம் குப்பென்று அடித்தது, சாக்கடை. விடுதியின் குளியலறை நீரும் சமையலறை நீரும், இன்னும் என்னென்னவோ நீரும் அதில் கறுப்பாக ஓடின. காலையில் மறுபடி திறந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். சாக்கடையின் இரு கரையிலும் இடுப்பளவுக்குப் புல்! கண்ணைக் குளிர வைக்கும் பச்சை. நான்கு நாளாக அந்த ஊரையும் சுற்றுக் கிராமங்களையும் சுற்றியிருந்தேன். அத்தனை செழிப்பான பச்சையை வேறெங்கும் காணவில்லை. ஒரு பையன் முழங்காலளவு சேற்றில் நின்றுகொண்டு அரிவாளால் அதை அறுத்துக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

"யாருக்குடா தம்பி புல்லு?"

"பால்கார ஆயாவுக்கு சார்."

நான் அன்று காலை விடுதியில் குடித்த காப்பி ஞாபகத்துக்கு வந்தது.

அந்த ஜன்னலில் நின்றபோது மனத்தில் பட்ட ஒரு விஷயத்தைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். அப்போது முதல் அதைப் பல பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஊரின் கழிவுநீரை முறையாகச் சுத்திகரித்து, வறட்சி தாங்கும் தீவனப் பயிர்களுக்குப் பாய்ச்ச வேண்டும். நான் சொல்வது அவ்வளவுதான்.

உடனே எழுகிற முதல் ஆட்சேபணை எனக்குத் தெரியும். மாதம் தவறாமல் பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற என் நண்பர் ஒருவர் அதை வாய்விட்டே கூறினார்: "ஐயையோ! அந்தப் புல்லைத் தின்ற பசுவின் பாலை அண்ணாமலையாருக்கு அபிஷேகம் பண்ணுவதா? அபசாரம் ஐயா, அபசாரம்!"

நண்பரின் பக்தியை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் அவரை ஒரு கேள்வி கேட்கிறேன். இப்போது அண்ணாமலையாருக்கு அபிஷேகமாகிற பாலைத் தருகிற பசுக்கள் எதைத் தின்கின்றன என்று விசாரித்திருக்கிறீர்களா? பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும்போது எட்டு லிங்கங்களையும் எண்ணி எண்ணிக் கும்பிடுகிறீர்களே, வழியிலே நிற்கும் மாடுகளின் வாயை ஒரு தரமாவது பார்த்தீர்களா? அன்னதான எச்சில் தட்டு, சுவரொட்டி, பிளாஸ்டிக் பை, கூடவே சாக்கடையோரத்துப் புல். அந்தப் பையனின் கட்டில் இருந்த புல்லுக்கு யார் தீட்டுக் கழித்தார்கள்?

வாசகர்கள் இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சாக்கடை நீரில் புல் வளர்க்கலாமா, கூடாதா என்று நாம் இனிமேல்தான் முடிவு செய்யப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த முடிவு எப்போதோ ஆகிவிட்டது. வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்; அறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்; பாலாகக் குடித்துக்கொண்டும் இருக்கிறோம். நம்முன் மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றுதான். சுத்தம் செய்த நீரா, செய்யாத நீரா? "வேண்டாம், அபசாரம்" என்று நண்பர் சொல்லும்போது, செய்யாத நீருக்குத்தான் அவர் வாக்களிக்கிறார்.

மாட்டின் மேல் நமக்கு அன்பில்லை என்று நான் சொல்லவில்லை. 'மாடு' என்ற சொல்லுக்கே பழந்தமிழில் செல்வம் என்று பொருள் வைத்தவர்கள் நாம். இதே திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தில், லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது. 1948-இல் அது இறந்தபோது மனிதருக்குச் செய்வதுபோல் அடக்கம் செய்தார்கள். இன்றைக்கும் போகிறவர்கள் அந்த இடத்தில் நின்று கும்பிடுகிறார்கள். உலகத்தில் எத்தனை ஊருக்கு இப்படி ஒரு பெருமை உண்டு? ஆனால் இறந்த பசுவுக்குச் சமாதி கட்டத் தெரிந்த ஊர், உயிரோடிருக்கும் பசுவுக்கு மார்கழியிலே ஒரு பிடி புல் எங்கிருந்து வரும் என்று யோசிக்கவில்லையே!

ஒரு திருவண்ணாமலையை மட்டும் சொல்லி என்ன பயன்? நான் சந்தையில் நின்ற அந்த டிசம்பருக்கு அடுத்த மாதம், 2017 ஜனவரி 10-ஆம் தேதி, தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசாங்கம் அறிவித்தது. அதே ஜனவரியில்தான் ஜல்லிக்கட்டுக்காக மெரினாக் கடற்கரை நிரம்பி வழிந்தது. காளைக்காகத் திரண்ட இளைஞர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடற்கரைக் கூட்டத்தில், "காளைக்கும் பசுவுக்கும் இந்த வருஷம் தின்ன என்ன இருக்கிறது?" என்று எழுதிய அட்டை ஒன்றையாவது யாரேனும் பிடித்திருந்தால், நான் சந்தையில் கண்ட அம்மாளுக்கு ஒரு துணை இருந்திருக்கும். ஜான்ஸியில் உள்ள இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம், நாட்டின் பசுந்தீவனத் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பற்றாக்குறை என்று தன் எதிர்காலத் திட்ட அறிக்கையில் கணக்கிட்டிருக்கிறது. இது மழை பெய்கிற வருஷத்துக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. மழை பொய்க்கிற வருஷத்தில் அந்தப் பற்றாக்குறைதான் லாரியில் ஏறிப் போகிறது.

நான் சொல்வது புதுமை என்று யாரும் என்னைப் பாராட்டவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். மதுரைக்காரர்களைக் கேளுங்கள். அவனியாபுரத்துக் கழிவுநீர்ப் பண்ணையில் பல தலைமுறைகளாகக் கினியாப் புல் வளர்ந்து மாடுகளுக்குப் போயிருக்கிறது. ஐதராபாத்தில் மூசி நதி நெடுகிலும் நகரத்துக் கழிவுநீரில் நீர்ப்புல் வளர்த்து, எருமைப் பண்ணைகளுக்கு விற்றுப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்துச் சாக்கடை 1897 முதல் வெரிபீ என்ற இடத்துப் பண்ணைக்குப் போகிறது. அங்கே ஆடும் மாடும் மேய்ந்து கொழுத்திருக்கின்றன. இஸ்ரேல் நாட்டில் கழிவுநீரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சுத்திகரிக்கப்பட்டு வயலுக்குப் போகிறது. பாலைவனத்தை வைத்துக்கொண்டு அவர்கள் நீரை எண்ணிச் செலவழிக்கிறார்கள். ஏரிகளை வைத்துக்கொண்டு நாம் அவற்றில் சாக்கடையை விடுகிறோம்.

ஆனால் இந்தப் பட்டியலிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அதை மறைத்தால் நான் பிரசாரகனாகிவிடுவேன். மெக்ஸிகோ நகரத்தின் கழிவுநீர் சுமார் நூறாண்டுக் காலம் மெஸ்கித்தால் என்ற பள்ளத்தாக்கில் மக்காச்சோளத்துக்கும் குதிரைமசாலுக்கும் பாய்ந்தது. பெரும்பாலும் பச்சைச் சாக்கடையாகவே பாய்ந்தது. வறண்ட பள்ளத்தாக்கு சோலையாயிற்று, விவசாயிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் 1990-களில் நடந்த ஆராய்ச்சிகளில், அந்தப் பச்சைச் சாக்கடை பாய்ந்த பகுதியில் விவசாயிகளின் குழந்தைகளுடைய வயிற்றில் நாக்குப்பூச்சி அதிகமாக இருப்பது தெரிந்தது. அதே நீரைத் தேக்கங்களில் நிறுத்தி வைத்துப் பாய்ச்சிய இடங்களில் நிலைமை அதைவிட மேலாக இருந்தது. நம் சாக்கடையோரத்துப் பையன் முழங்கால் சேற்றில் நின்றானே, அவன் வயிற்றை யார் சோதித்துப் பார்த்தார்கள்?

ஆகவே சுத்திகரிப்பு என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது அவசியம். நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். ரசாயனத்துக்கும் எனக்கும் நெடுநாள் பகை. ஆனாலும் எனக்கே விளங்குகிற அளவுக்கு அது எளிய விஷயம்தான். புல்லுக்குப் பாய்ச்சுகிற நீர் பன்னீராக இருக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வகுத்த வழிகாட்டியில், பச்சையாகத் தின்னும் காய்கறிகளுக்கு ஓர் அளவு, தானியத்துக்கும் தீவனத்துக்கும் மரங்களுக்கும் வேறோர் அளவு என்று பிரித்தே வைத்தார்கள். தீவனத்துக்கு முக்கியமான நிபந்தனை, ஒரு லிட்டர் நீரில் குடற்புழு முட்டை ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. அதைச் சாதிக்க வெளிநாட்டு இயந்திரம் வேண்டுமென்பதில்லை. அடுத்தடுத்து வெட்டிய குளங்களில் எட்டிலிருந்து பத்து நாள் நீர் தங்கினால் முட்டைகள் கனத்தினால் அடியில் படிந்துவிடுகின்றன. வெயிலும் காற்றும் பாசியும் மிச்ச வேலையைக் கவனித்துக்கொள்கின்றன. திருவண்ணாமலையில் வெயிலுக்குப் பஞ்சமா? அக்கினித் தலமாயிற்றே!

அடுத்தபடியாக, "சரி ஐயா, நீர்தான் கிடைக்கிறதே, நெல் போடலாமே, கீரை போடலாமே, எதற்கு வறட்சி தாங்கும் தீவனம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லும் இடத்தில்தான் என் கட்சி வலுவாக இருக்கிறதென்று நினைக்கிறேன்.

கீரையை நாம் நேராகத் தின்கிறோம். அதிலே கரணம் தப்பினால் மரணம். நெல்லுக்கோ நிற்க நிற்க நீர் வேண்டும். ஓர் ஊரின் கழிவுநீர் கொஞ்சம் ஏக்கருக்குள்ளேயே முடங்கிவிடும். முடங்கினால் இன்னொரு கெடுதலும் உண்டு. கழிவுநீரிலே தழைச்சத்து மிகுதி, அதுவே உரம்தான். ஆனால் ஒரே வயலில் ஓயாமல் பாய்ச்சினால், அந்தச் சத்து புல்லில் நைட்ரேட்டாகச் சேர்ந்து மாட்டுக்கே நஞ்சாகும். உப்பும் மண்ணில் ஏறும். ஆகவே நீரைப் பல ஏக்கருக்கு மெல்லப் பகிர்ந்து பாய்ச்ச வேண்டும். குறைந்த நீரைக் கொண்டு பிழைக்கிற பயிருக்குத்தான் அப்படிப் பகிர முடியும்.

சோளத்தைப் பாருங்கள். நீர் இல்லையென்றால் இலையைச் சுருட்டிக்கொண்டு காத்திருக்கும். நீர் வந்ததும் ஒன்றும் நடவாததுபோல் வளரத் தொடங்கும். நம் மானாவாரி விவசாயியின் சுபாவமே அதற்கும். கம்பு உப்பையும் ஓரளவு பொறுக்கும். கொழுக்கட்டைப் புல் வெயிலில் காய்ந்து நிற்கும்; ஒரு மழைக்குத் துளிர்க்கும். வேலிமசால் வேரை ஆழத்துக்கு விட்டுவிட்டு வருஷக்கணக்கில் வெட்டுக் கொடுக்கும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கண்ட கோ எஃப்.எஸ். 29 என்ற தீவனச் சோளத்தை ஒரு முறை விதைத்துவிட்டுப் பல முறை அறுக்கலாம். முதல் அறுப்பு சுமார் 65 நாளில், பிறகு 50 நாளுக்கு ஒன்று.

இங்கே இன்னொரு நயமும் உண்டு. சுத்திகரித்த நீரேயானாலும், கடைசிப் பாய்ச்சலுக்கும் மாடு வாய் வைப்பதற்கும் நடுவே இடைவெளி வேண்டும். வயலில் நேராக மேய விடுகிற பால் மாடுகளுக்குப் பதினைந்து நாள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனத்தின் வழிகாட்டி கூறுகிறது. அந்தப் பதினைந்து நாளில் வெயில் கிருமிகளைக் கொன்றுவிடும். சித்திரை வெயிலில் பதினைந்து நாள் நீரை நிறுத்தினால் நீர்ப்புல் கருகிவிடும்; சோளம் தாங்கும். வறட்சி தாங்கும் குணம் இங்கே பாலைக் காக்கும் குணமாகிவிடுகிறது.

வறட்சி தாங்கும் பயிர் என்றால் நீரே வேண்டாம் என்று அர்த்தமில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். நீரில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் நஞ்சு ஏறியிருக்கும். அதை மேய்ந்த மாடு நின்ற இடத்தில் விழும். எங்கள் பக்கத்துக் கிழவர்களுக்கு இது விஞ்ஞானம் படிக்காமலே தெரியும். பூக்காத சோளத்தில் மாட்டை விடமாட்டார்கள். அந்தப் பயிர் பூப்பிடிக்கிற வரைக்கும் நாலு தடவை நீர் கிடைத்தால் அதுவே தீவனம், கிடைக்காவிட்டால் எமன். அந்த நாலு தடவை நீரைத்தான் நான் ஊராரிடம் பிச்சை கேட்கிறேன். அதுவும் குடிக்கிற நீரையல்ல. குளித்துவிட்டுக் கொட்டுகிற நீரை.

எவ்வளவு கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கிலே தவறிருந்தால் வாசகர்கள் திருத்தட்டும். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் நீர் கொடுக்க வேண்டும் என்பது அரசாங்க விதி. அதில் ஐந்தில் நாலு பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர் கணக்கு. ஆக 108 லிட்டர். 2011 ஜனத்தொகைக் கணக்கில் திருவண்ணாமலையில் சுமார் 1,45,000 பேர். அதன்படி ஒரு நாளைக்கு ஒன்றரைக் கோடி லிட்டருக்கு மேல். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் வருகிற கூட்டத்தை நான் சேர்க்கவேயில்லை. அத்தனை நீரும் குழாயில் வருவதில்லை, வந்தாலும் அத்தனையும் பிடிபடாது என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, பாதியென்றே வைத்துக்கொள்வோம். 75 லட்சம் லிட்டர். ஓர் ஏக்கருக்கு நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் உயரம் நீர் என்றால் சுமார் 20,000 லிட்டர். ஆக, 375 ஏக்கர்.

மேலே சொன்ன தீவனச் சோளம் ஏக்கருக்கு வருஷத்தில் ஏறக்குறைய 68 டன் தரும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. பல்கலைக்கழக வயல் வேறு, நம் வயல் வேறு; அதிலும் பாதியே எடுத்துக்கொள்வோம். 375 ஏக்கரில் 12,750 டன். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம் என்றால் சுமார் 1,400 மாடுகள், வருஷம் முழுவதும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும்! பாதியிலே பாதி எடுத்துப் போட்ட கணக்கு இது. ஆயிரத்து நானூறு மாடுகள் மாவட்டத்துக்குச் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் நான் பார்த்த சந்தையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு அது சிறிய எண்ணிக்கையல்ல.

நீர் எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டாமா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, நாட்டின் நகரங்களில் ஒரு நாளைக்கு உண்டாகும் கழிவுநீர் 7,237 கோடி லிட்டர். அதில் உண்மையிலேயே சுத்திகரிக்கப்பட்டது 2,024 கோடி லிட்டர். பத்தில் மூன்று பங்குகூடத் தேறவில்லை. மிச்சமெல்லாம் ஆற்றுக்கும் ஏரிக்கும்தான். சென்னை விழித்துக்கொண்டது. 2019-இல், குடிநீருக்காக நகரமே குடத்தோடு தெருவில் நின்ற ஆண்டில், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை நன்றாக வடிகட்டித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் தொடங்கின. நல்ல காரியம். தொழிற்சாலைக்காரர் பணம் கொடுப்பார், வாங்குவார். பெரிய ஆலைகள் இல்லாத திருவண்ணாமலைக்கு மாடுதான் தொழிற்சாலை. அதற்கு மடியிருக்கிறது, பணப்பை இல்லை. அதனால்தான் அதற்காகப் பேச ஆளில்லை.

இதுவரை பக்தர்களோடு சண்டை போட்டேன். இனி அதிகாரிகளோடு கொஞ்சம். இந்த யோசனையை ஓர் அதிகாரியிடம் சொன்னபோது, அவர் புன்னகையோடு, "திட்டமெல்லாம் இருக்கிறது சார்" என்றார். அந்தப் புன்னகையை நான் நம்பவில்லை. 'சுத்திகரிக்கப்பட்ட நீர்' என்று பலகையில் எழுதிவிட்டுச் சாக்கடையை அப்படியே திறந்துவிடுவது நம் நாட்டில் நடக்காத காரியமா? அப்படி ஒரு முறை நடந்து, நாலு மாடு செத்தால், பிறகு நூறு வருஷத்துக்கு இந்த யோசனையை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். என் நண்பரின் 'அபசாரம்' ஜெயித்துவிடும். ஆகவே என் நிபந்தனைகளையும் இங்கேயே எழுதிவைக்கிறேன்.

முதலாவது, வீட்டுக் கழிவு மட்டும்தான். தோல், சாயம், ஆஸ்பத்திரிக் கழிவு ஒரு சொட்டுக் கலந்தாலும் கூடாது. ஒரு காலத்தில் நம்மோடு ஒரே மாவட்டமாக இருந்த பாலாற்றங்கரை ஊர்களின் கதை நமக்குப் பாடம். தோல் பதனிடும் கழிவு மண்ணையும் கிணற்றையும் என்ன செய்தது என்பதற்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பே சாட்சி. குளத்தில் தங்கினால் புழு முட்டை படியும். குரோமியத்தைக் குளத்தில் தேக்கிப் போக்கிவிட முடியாது.

இரண்டாவது, மாதா மாதம் நீரைச் சோதித்து, முடிவைப் பண்ணை வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். புல் வாங்க வருகிறவர் படித்துப் பார்த்து வாங்கட்டும். நீர் கெட்டிருந்த மாதத்தில் மதகை மூடட்டும். சோளம் பொறுத்துக்கொள்ளும் என்றுதான் சொன்னேனே.

மூன்றாவது, அந்த வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்குப் பூட்ஸ், கையுறை, சோப்பு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரை. இதைச் சில்லறை விஷயமென்று யாரும் நினைக்க வேண்டாம். நம் நாட்டில் சாக்கடை என்றவுடனே ஒரு குறிப்பிட்ட தெருவுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். மலத்தை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க 2013-இல் சட்டம் வந்த பிறகும் சாக்கடைக் குழிக்குள் மனிதர்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஊரின் நீரைப் புனிதமாக்குகிறேன் என்று சொல்லி, பழைய இழிவைப் புதிய வயலில் நட்டுவைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நான்காவது, புல்லை மொத்தமாக ஏலத்தில் ஒரு குத்தகைதாரருக்கு விடக் கூடாது. ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருக்கும் பெண்களுக்கே முதல் கட்டு. நிலமுள்ளவருக்குக் கிணறாவது இருக்கிறது. இவர்களுக்குச் சாக்கடையோரம்தான் இருக்கிறது.

இந்த நாலையும் செய்ய முடியாதென்றால், வேண்டாம், ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். ஆனால் அப்போது 'தீட்டு' என்ற சொல்லையும் நாம் விட்டுவிட வேண்டும். ஏனென்றால், ஊர் நீரை ஏரியில் கலந்துவிட்டு, ஏரி நீரைக் கும்பிட்டுக்கொண்டு, சாக்கடைப் புல்லைத் தின்ற பசுவின் நெற்றியில் மாட்டுப் பொங்கலன்று குங்குமம் வைக்கிறவனுக்குத் தீட்டைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சியாகிவிட்டது. பெரிய ஊர் என்ற பெயர் வந்துவிட்டது. பெரிய ஊருக்குப் பெரிய சாக்கடையும் வரும். அது எந்தப் பக்கம் ஓடும் என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்ளலாம்.

என் கிரிவல நண்பர் இந்தக் கட்டுரையைக் கைப்பிரதியிலேயே படித்தார். நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், "அந்த அம்மாள் மறுபடி மாடு வாங்கினாளா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபத்துக்கும் போகும்போது அவளைச் சந்தையில் தேடுகிறேன். கண்ணில் படவில்லை. விற்பதற்கு அவளிடம் இன்னொரு மாடு இருந்தால்தானே வருவாள்?